கைப்பக்குவமே கைமுதல்

பேரங்காடி ஒன்றுக்குள் நுழைகிறோம். உணவகங்களின் வரிசையில் ஒரு பெயர்ப்பலகை நம் கண்ணில் படுகிறது. வெள்ளைக் குறுந்தாடி, மூக்குக்கண்ணாடி, கழுத்தில் நாடாவைப் போன்ற கறுப்புக் கழுத்துப்பட்டை, முகத்தில் புன்னகை. கே.எஃப்.சி. உணவகத்தின் அடையாளமான அந்த முதியவரை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பார்க்காதவர் அரிது. ஆனால், அவர் விளம்பரத்திற்காக யாரோ ஓர் ஓவியர் கற்பனையில் உருவாக்கிய மனிதர் என்று எண்ணுவோர் உண்டு.

அது உண்மையாக வாழ்ந்த ஒருவரின் முகம். அவருடைய பெயர் ஹார்லண்ட் டேவிட் சாண்டர்ஸ். உலகம் அவரைக் கர்னல் சாண்டர்ஸ் என்று அறிந்திருக்கிறது. அவர் போர்க்களத்தில் கர்னல் பதவி பெற்றவர் அல்லர். சமையற்கலைப் பள்ளியில் பயின்று சமையல் வல்லுநர் ஆனவரும் அல்லர். வீட்டு அடுப்படியில் பழகிய கைப்பக்குவத்தையே கைமுதலாகக் கொண்டு, பிறர் ஓய்வுபெறும் வயதில் புதிய தொழிலைத் தொடங்கியவர். அந்தக் கைப்பக்குவம் அவருக்குப் புகழைத் தந்தது. பிற்காலத்தில் அதுவே அவரை வழக்குமன்றம் வரை கொண்டுபோய் நிறுத்தியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய வாழ்க்கை நமக்கு முழுமையாக விளங்கும்.

அடுப்படியில் ஒரு சிறுவன்

சாண்டர்ஸ் 1890ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள ஹென்றிவில் என்னும் சிற்றூருக்கு அருகில் பிறந்தார். மூன்று பிள்ளைகளில் அவரே மூத்தவர். தந்தை முதலில் விவசாயம் செய்தார்; பின்னர் இறைச்சிக் கடையில் வேலை பார்த்தார். 1895ஆம் ஆண்டு ஒரு நாள் காய்ச்சலோடு வீடு திரும்பிய தந்தை, அன்றே இறந்துபோனார். அப்போது சாண்டர்ஸ் ஐந்து வயதைக்கூட நிறைவு செய்யவில்லை.

குடும்பத்தைக் காக்கும் பொறுப்பு தாயின் தோளில் விழுந்தது. அவர் தக்காளியை டின்களில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். வேலையின் பொருட்டு அவர் வீட்டில் இல்லாத நேரங்களில், தம்பியையும் தங்கையையும் பார்த்துக்கொள்வதும் அவர்களுக்குச் சமைத்துக் கொடுப்பதும் சாண்டர்ஸின் கடமையாயின. ஏழு வயதிலேயே அவர் ரொட்டி சுடவும் காய்கறி சமைக்கவும் நன்றாகக் கற்றுக்கொண்டார். இறைச்சி சமைக்கும் பக்குவமும் மெல்ல மெல்லக் கைவந்தது. அவருக்கு வகுப்பறையும் இல்லை, ஆசிரியரும் இல்லை. பசியோடு காத்திருந்த இரண்டு குழந்தைகளே அவருடைய முதல் வாடிக்கையாளர்கள்.

பத்து வயதில் அவர் பண்ணையில் கூலி வேலைக்குப் போகத் தொடங்கினார். 1902ஆம் ஆண்டு தாய் மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந்தந்தைக்கும் சாண்டர்ஸுக்கும் ஒத்துப்போகவில்லை. அதற்கடுத்த ஆண்டு அவர் பள்ளிப் படிப்பை விட்டார். பதின்மூன்று வயதில் வீட்டை விட்டு வெளியேறி, குதிரை வண்டிகளுக்குச் சாயம் பூசும் வேலையில் சேர்ந்தார்.

நிலைக்காத வேலைகள்

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் சாண்டர்ஸ் செய்யாத வேலை இல்லை என்றே சொல்லலாம். 1906ஆம் ஆண்டு டிராம் வண்டியில் நடத்துநராக இருந்தார். அதே ஆண்டு தம் வயதைக் கூட்டிச் சொல்லி இராணுவத்தில் சேர்ந்து கியூபாவுக்குச் சென்றார். அங்கே அவர் செய்தது வண்டியோட்டும் வேலை. சில மாதங்களிலேயே அந்தப் பணி முடிந்தது. பிறகு இரயில்வேயில் கொல்லருக்கு உதவியாளராகவும், நீராவி எஞ்சினுக்கு நிலக்கரி போடுபவராகவும் உழைத்தார்.

இரயில்வேயில் பணியாற்றிக்கொண்டே அஞ்சல்வழியில் சட்டம் பயின்றார். ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் சில ஆண்டுகள் வழக்குகளும் நடத்தினார். ஆனால், நீதிமன்றத்திற்குள்ளேயே தம் சொந்தக் கட்சிக்காரருடன் அவர் கைகலப்பில் இறங்கியதால் அந்தத் தொழிலும் முடிவுக்கு வந்தது. அடுத்து ஆயுள் காப்புறுதி முகவரானார். மேலாளரின் சொல்லுக்குக் கட்டுப்படாததால் அந்த வேலையையும் இழந்தார்.

அவர் தொட்டதெல்லாம் தோல்வியில் முடிந்தது என்றும் சொல்லிவிட முடியாது. 1920ஆம் ஆண்டு ஓஹையோ ஆற்றில் படகுச் சேவை நடத்தும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அது நல்ல இலாபம் தந்தது. பின்னர் அந்த நிறுவனத்தில் தமக்கிருந்த பங்குகளை விற்று, கிராமத்து வீடுகளுக்கான அசிட்டிலீன் எரிவாயு விளக்குகளைத் தயாரிக்கும் தொழிலில் அந்தப் பணத்தைப் போட்டார். அதே காலத்தில் வேறொரு நிறுவனம் மின்விளக்குகளைத் தவணை முறையில் விற்கத் தொடங்கியது. எரிவாயு விளக்கை வாங்க ஆளில்லை. போட்ட பணம் முழுவதும் போயிற்று.

இந்த நிகழ்வுகளைச் சற்று எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். சாண்டர்ஸ் கடும் உழைப்பாளி. புதியதைத் தொடங்க அஞ்சாதவர். அதே வேளையில், முன்கோபமும் பிடிவாதமும் அவரைப் பல வேலைகளிலிருந்து வெளியேற்றின. தம் பிடிவாதத்தைப் பயனுள்ள வழியில் செலுத்தும் இடம் அவருக்கு அதுவரை கிடைக்கவில்லை.

பெட்ரோல் நிலையத்தில் ஒரு சாப்பாட்டு மேசை

அந்த இடம் 1930ஆம் ஆண்டில் கிடைத்தது. அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தநிலையில் மூழ்கியிருந்த நேரம் அது. சாண்டர்ஸ் நடத்தி வந்த ஒரு பெட்ரோல் நிலையம் அந்த மந்தநிலையால் மூடப்பட்டது. அவருடைய உழைப்பை அறிந்த ஷெல் எண்ணெய் நிறுவனம், கெண்டக்கி மாநிலத்தின் கோர்பின் நகருக்கு அருகில் இருந்த நிலையத்தை அவரிடம் ஒப்படைத்தது. வாடகை வேண்டாம், விற்பனையில் ஒரு பங்கைக் கொடுத்தால் போதும் என்பது ஏற்பாடு. அப்போது அவருக்கு நாற்பது வயது.

நிலையம் ஒரு நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. நீண்ட தொலைவு பயணம் செய்வோர் பெட்ரோல் நிரப்ப அங்கே நிற்பார்கள். களைப்போடும் பசியோடும் வருபவர்களுக்கு அருகில் நல்ல சாப்பாடு கிடைக்கவில்லை. சாண்டர்ஸ் தம் குடும்பத்திற்குச் சமைத்த உணவையே அவர்களுக்கும் பரிமாறத் தொடங்கினார். அதற்கென்று தனி உணவகம் இல்லை. நிலையத்தை ஒட்டிய தம் குடியிருப்பில், தாம் சாப்பிடும் மேசையிலேயே பயணிகளை அமர வைத்தார். பொரித்த கோழி, உப்பிட்ட பன்றி இறைச்சி, காய்கறிகள், சூடான ரொட்டி ஆகியவையே அவர் பரிமாறிய உணவு.

சுவை பற்றிய செய்தி பயணிகள் வாயிலாகவே பரவியது. பெட்ரோலுக்காக வந்தவர்கள் சாப்பிட்டுச் சென்ற நிலை மாறி, சாப்பிடுவதற்காகவே வந்தவர்கள் பெட்ரோலும் நிரப்பிச் செல்லும் நிலை ஏற்பட்டது. 1935ஆம் ஆண்டு கெண்டக்கி மாநில ஆளுநர் அவருக்குக் கெண்டக்கி கர்னல் என்னும் பட்டத்தை வழங்கினார். மாநிலத்திற்குச் சிறப்புச் சேர்த்தவர்களுக்கு அளிக்கப்படும் மதிப்புறு பட்டம் அது. கர்னல் சாண்டர்ஸ் என்னும் பெயர் இப்படித்தான் வந்தது.

1937ஆம் ஆண்டில் அவருடைய உணவகம் 142 பேர் அமரக்கூடிய அளவுக்கு வளர்ந்தது. பக்கத்தில் பயணிகள் தங்கும் விடுதி ஒன்றையும் அவர் கட்டினார். அதில் அவர் செய்த ஓர் ஏற்பாடு குறிப்பிடத்தக்கது. விடுதி அறையின் மாதிரி ஒன்றை உணவகத்திற்குள்ளேயே அமைத்து வைத்தார். சாப்பிட வந்தவர்கள் அறையின் தூய்மையைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.  1939ஆம் ஆண்டு, பயணிகளுக்கு நல்ல உணவகங்களைப் பரிந்துரைத்து நூல் எழுதி வந்த டங்கன் ஹைன்ஸ், சாண்டர்ஸின் உணவகத்தையும் தம் நூலில் சேர்த்தார்.

அதே ஆண்டு நவம்பர் மாதம் தீவிபத்தில் உணவகம் எரிந்து சாம்பலானது. சாண்டர்ஸ் சோர்ந்துவிடவில்லை. மறு ஆண்டே அதே இடத்தில் புதிய உணவகத்தைத் திறந்தார்.

முப்பது நிமிடச் சிக்கல்

வாடிக்கையாளர் பெருகியபோது ஒரு சிக்கலும் உடன் வந்தது. இரும்பு வாணலியில் கோழியைப் பொரிக்க ஏறக்குறைய முப்பது நிமிடம் ஆகும். அவசரப் பயணத்தில் இருப்பவர் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார். முன்கூட்டியே பொரித்து வைத்தால் கோழி ஆறி, காய்ந்து போகும். மிஞ்சியதைத் தூக்கி எறிய வேண்டும். நிறைய எண்ணெயில் முக்கிப் பொரித்தால் விரைவாக வேகும். ஆனால், அந்தச் சுவை சாண்டர்ஸுக்குப் பிடிக்கவில்லை.

வேகமா, சுவையா என்று கேட்டால், பலர் வேகத்தைத் தேர்ந்தெடுத்து இலாபம் பார்த்திருப்பார்கள். சாண்டர்ஸ் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க மறுத்தார். அந்தக் காலத்தில்தான் பிரஷர் குக்கர் சந்தைக்கு வந்தது. அது காய்கறிகளை விரைவாக வேகவைக்கும் பாத்திரம். அதில் கோழியைப் பொரிக்க முடியுமா என்று அவர் சோதிக்கத் தொடங்கினார்.

இதன் அறிவியலை நாம் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். இறுக மூடிய பாத்திரத்தில் ஆவி வெளியேற முடியாததால் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் தண்ணீரின் கொதிநிலையும் கூடும். எனவே, கோழி இறைச்சிக்குள் இருக்கும் ஈரம் எளிதில் ஆவியாகாமல் உள்ளேயே தங்குகிறது. இறைச்சி விரைவாக வேகிறது, மென்மையும் கெடுவதில்லை.

எண்ணெயின் அளவு, அழுத்தம், நேரம் ஆகிய மூன்றையும் சாண்டர்ஸ் மாற்றி மாற்றிப் பார்த்தார். முடிவில் முப்பது நிமிட வேலை பத்து நிமிடத்திற்குள் அடங்கியது. இதில் ஒன்றை நாம் மறக்கக் கூடாது. வீட்டில் பயன்படுத்தும் பிரஷர் குக்கரில் எண்ணெய் ஊற்றிப் பொரிப்பது பேராபத்தானது. அதற்கென்று பாதுகாப்பாக வடிவமைக்கப்பட்ட தனிக் கருவிகள் பின்னர்தான் உருவாயின.

கோழியின் மேல்மாவில் சேர்க்கும் மசாலையையும் அவர் நீண்ட நாள் சோதித்து வந்தார். 1940ஆம் ஆண்டு பதினொரு வகை மூலிகைகளும் நறுமணப் பொருள்களும் கொண்ட கலவையை இறுதி செய்தார். அந்தக் கலவையின் செய்முறை இன்றுவரை வணிக இரகசியமாகக் காக்கப்படுகிறது. முழுச் செய்முறையும் வெளியே தெரிந்துவிடாதபடி, இரு வேறு நிறுவனங்கள் கலவையின் வெவ்வேறு பகுதிகளைத் தயாரித்துக் கொடுக்கின்றன.

சாலை மாறியது

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பயணிகள் குறைந்தனர், சாண்டர்ஸின் தொழில் படுத்தது. அவர் வேறு ஊர்களில் உணவகங்களை மேற்பார்வையிடும் வேலைக்குப் போனார். போருக்குப் பிறகு மீண்டும் கோர்பினில் தொழிலைத் தூக்கி நிறுத்தினார்.

1952ஆம் ஆண்டு, யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி பகுதியில் உணவகம் நடத்திய பீட் ஹார்மன் என்னும் நண்பருக்குத் தம் கோழிப் பொரியலின் முறையைக் கற்றுக் கொடுத்தார். ஹார்மன் அதைத் தம் உணவகத்தில் விற்க உரிமம் பெற்றார். ஓராண்டுக்குள் அவருடைய விற்பனை மும்மடங்கானது. யூட்டாவில் இருந்த உணவகம் தொலைவில் உள்ள மாநிலத்தின் பெயரைச் சொன்னால் வாடிக்கையாளருக்குப் புதுமையாக இருக்கும் என்று கருதி, கெண்டக்கி ஃபிரைட் சிக்கன் என்று பெயர்ப்பலகையில் எழுதினார்கள். உலகப் புகழ்பெற்ற அந்தப் பெயர், கெண்டக்கியில் இல்லாத ஓர் உணவகத்தில்தான் முதன்முதலாகத் தோன்றியது.

அப்போதுகூட உரிமம் வழங்குவதை ஒரு பக்கத் தொழிலாகவே சாண்டர்ஸ் கருதினார். கோர்பின் உணவகம் என்றும் தம்மைக் காப்பாற்றும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையை ஒரு சாலை உடைத்தது. கோர்பினை ஒதுக்கிவிட்டுச் செல்லும் புதிய விரைவுச்சாலை திட்டமிடப்பட்டது. பயணிகள் வேறு வழியில் போனால் சாலையோர உணவகத்திற்கு யார் வருவார்கள்? 1956ஆம் ஆண்டு உணவகமும் விடுதியும் ஏலத்தில் விற்கப்பட்டன. சேமிப்பில் எஞ்சியிருந்த பணமும், முதியோருக்கு அரசாங்கம் மாதந்தோறும் வழங்கும் 105 டாலருமே அவருக்கு மிஞ்சின. வயது அறுபத்தைந்து.

அவருடைய சமையலிலோ உழைப்பிலோ எந்தக் குறையும் இல்லை. எங்கோ வரைபடத்தில் இழுக்கப்பட்ட ஒரு கோடு, இருபத்தைந்து ஆண்டு உழைப்பைக் கலைத்துவிட்டது. வாழ்க்கையில் சில இழப்புகள் நம் தவறு எதுவும் இல்லாமலே வருகின்றன. கட்டடம், நிலம், வாடிக்கையாளர் என அனைத்தையும் இழந்த பிறகும் தம்மிடம் எது மிஞ்சியிருக்கிறது என்று சாண்டர்ஸ் பார்த்தார். ஏலத்தில் எவராலும் வாங்க முடியாத ஒன்று மிஞ்சியிருந்தது. அதுதான் அவருடைய கைப்பக்குவம்.

காரே வீடு, சமையலே பேச்சு

பிரஷர் குக்கரையும் மசாலையையும் காரில் ஏற்றிக்கொண்டு சாண்டர்ஸ் புறப்பட்டார். ஊர் ஊராகச் சென்று, நல்ல உணவகமாகப் பார்த்து நுழைவார். உரிமையாளருக்கும் ஊழியர்களுக்கும் தம் கையால் கோழியைப் பொரித்துக் கொடுப்பார். அவர்களுக்குப் பிடித்திருந்தால் மேற்கொண்டு பேசுவார். பிடிக்காவிட்டால் அடுத்த ஊர். செலவைக் குறைக்க, பல இரவுகள் காரின் பின்னிருக்கையிலேயே படுத்துறங்கினார்.

ஒப்பந்தம் எளிமையானது. உணவகத்தார் அவர் கற்றுக் கொடுத்த முறைப்படி கோழியைச் சமைத்து விற்கலாம். விற்கும் ஒவ்வொரு கோழிக்கும் 4 காசு அவருக்குக் கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் பல ஒப்பந்தங்கள் கைகுலுக்கலோடு முடிந்தன. மசாலையின் இரகசியத்தை அவர் யாருக்கும் சொல்லவில்லை. கலந்து பொட்டலமாகவே அனுப்பினார். அவர் சாலையில் அலைந்துகொண்டிருந்தபோது, மனைவி கிளாடியா வீட்டில் மசாலையைக் கலந்து, பொட்டலம் கட்டி, உணவகங்களுக்கு அனுப்பி வைத்தார். கிளாடியாவின் உழைப்பு இல்லாவிட்டால் அந்தத் தொழில் நகர்ந்திருக்காது.

ஒரு நிறுவனத்தின் பெயரையும் முறையையும் வேறொருவர் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் இத்தகைய உரிம வணிகம் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. இதில் ஒரு நெருக்கடி உண்டு. ஓரிடத்தில் தரம் கெட்டால் எல்லா இடங்களிலும் பெயர் கெடும். இதைச் சாண்டர்ஸ் நன்கு உணர்ந்திருந்தார். உணவகங்களுக்கு முன்னறிவிப்பின்றிச் செல்வார். நேராகச் சமையலறைக்குள் நுழைவார். எண்ணெயையும் கிரேவிக் குழம்பையும் தாமே சோதிப்பார். தரம் குறைந்திருந்தால் அவருடைய பழைய கோபம் தலைதூக்கும். முன்பு அவரை வேலையிழக்கச் செய்த பிடிவாதம், இப்போது அவருடைய பெயருக்குக் காவலாக நின்றது.

வெள்ளை உடையை அவர் தம் அடையாளமாக்கிக்கொண்டதும் 1950களில்தான். குளிர்காலத்தில் கம்பளித் துணி, கோடையில் பருத்தித் துணி. நிறம் மட்டும் மாறாது. உடைக்குப் பொருத்தமாக மீசையையும் குறுந்தாடியையும்கூட வெண்மையாக்கிக்கொண்டார்.

உலகம் சுற்றிய சுவை

1964ஆம் ஆண்டுக்குள் அமெரிக்காவிலும் கனடாவிலும் 600க்கும் மேற்பட்ட உணவகங்கள் அவருடைய கோழியை விற்றன. எழுபத்து மூன்று வயதில் இவ்வளவு பெரிய தொழிலைத் தனியாக நடத்துவது கடினமாக இருந்தது. அந்த ஆண்டு அவர் அமெரிக்க நிறுவனத்தை ஒரு முதலீட்டாளர் குழுவிற்கு 2 மில்லியன் டாலருக்கு விற்றார். கனடாவில் தொழில் நடத்தும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, மறு ஆண்டு அந்நாட்டின் மிசிசாகா நகருக்குக் குடிபெயர்ந்தார். நிறுவனத்தின் முகமாக, சம்பளம் பெறும் தூதராகவும் தொடர்ந்தார்.

அதன் பிறகு கடைகள் கடல் கடந்தன. 1965இல் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரிலும், 1970இல் ஜப்பானிலும் திறக்கப்பட்டன. 1973இல் கோலாலம்பூரின் ஜாலான் துங்கு அப்துல் ரஹ்மானில் மலேசியாவின் முதல் கடையும், 1977இல் சோமர்செட் சாலையில் சிங்கப்பூரின் முதல் கடையும் தொடங்கப்பட்டன. சாண்டர்ஸ் முதிய வயதிலும் விளம்பரங்களில் நடித்தார். ஆண்டுக்கு ஏறக்குறைய 200,000 மைல் பயணம் செய்தார்.

பெயரை விற்றவர், நாவை விற்கவில்லை

ஆனால், இந்த வெற்றிக்குள் ஒரு வருத்தமும் இருந்தது. 1971ஆம் ஆண்டு நிறுவனம் மற்றொரு பெரிய நிறுவனத்தின் கைக்கு மாறியது. கடைகள் பெருகப் பெருக, செலவைக் குறைக்கவும் வேலையை எளிதாக்கவும் செய்முறைகள் மாற்றப்பட்டன. குறிப்பாக, கிரேவியின் சுவை கெட்டுவிட்டதாகச் சாண்டர்ஸ் கருதினார். அந்தக் கிரேவியை உருவாக்க அவர் பல காலம் உழைத்திருந்தார். தம் படத்தைத் தாங்கிய கடையில், தாம் ஏற்றுக்கொள்ளாத உணவு விற்கப்படுவதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவர் தம் கருத்தை மறைக்கவில்லை. செய்தியாளர்களிடமே கடுமையாகக் குறைகூறினார். 1973ஆம் ஆண்டு, தாம் உருவாக்காத உணவுப் பொருள்களுக்குத் தம் உருவத்தைப் பயன்படுத்துவதாகக் கூறி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். அவர்மீதும் அவதூறு வழக்குத் தொடுக்கப்பட்டது. அது வெற்றி பெறவில்லை. தம்மிடம் சம்பளம் வாங்குபவர் தம்மையே குறைகூறுகிறார் என்று நிறுவனம் சங்கடப்பட்டது. ஆனாலும், அவருடைய முகத்தைப் பெயர்ப்பலகையிலிருந்து எடுக்க முடியவில்லை. மக்கள் நம்பியது அந்த முகத்தைத்தான்.

இதில் யார் பக்கம் நியாயம்? ஆயிரக்கணக்கான சமையலறைகளில் ஒரே மாதிரியாகச் சமைக்க வேண்டுமானால் செய்முறை எளிதாக இருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் நிலை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. நிறுவனத்தை விற்றுப் பணம் பெற்றவருக்கு அதன்மீது எவ்வளவு உரிமை உண்டு என்றும் கேட்கலாம். அதே வேளையில், தம் பெயரை நம்பிச் சாப்பிட வருபவருக்குத் தாம் பொறுப்பு என்று சாண்டர்ஸ் நினைத்ததையும் தவறென்று சொல்ல முடியாது. சட்டப்படி நிறுவனத்தைக் கைமாற்ற முடிந்தது; அந்தப் பொறுப்புணர்வைக் கைமாற்ற அவருக்குத் தெரியவில்லை.

இறுதி நாள்கள்

சாண்டர்ஸ் தம் வருமானத்தில் பெரும்பகுதியை அறப்பணிகளுக்கு வழங்கினார். கனடாவில் கிடைத்த வருவாயைக் கொண்டு அறநிறுவனம் ஒன்றை அமைத்தார். 1980ஆம் ஆண்டு அவருக்கு இரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அவ்வாண்டு டிசம்பர் 16ஆம் நாள் லூயிவில் நகரில், நுரையீரல் அழற்சியால் தம் தொண்ணூறாம் வயதில் காலமானார். மக்கள் இறுதி மரியாதை செலுத்துவதற்காக அவருடைய உடல் கெண்டக்கி மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் வைக்கப்பட்டது. அவரை அந்த வெள்ளை உடையோடும் கறுப்புக் கழுத்துப்பட்டையோடும் அடக்கம் செய்தார்கள். அப்போது 48 நாடுகளில் ஏறக்குறைய 6,000 கடைகள் அவருடைய முகத்தோடு இயங்கிக்கொண்டிருந்தன.

கோர்பினில் சாண்டர்ஸ் நடத்திய உணவகம் இன்று புதுப்பிக்கப்பட்டு, அருங்காட்சியகமாகவும் உணவகமாகவும் விளங்குகிறது. அவர் சமைத்த சமையலறையும், அந்த மாதிரி விடுதி அறையும் அங்கே பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. வாடிக்கையாளரைக் கொண்டுபோன சாலை, இப்போது அவருடைய நினைவைத் தேடி வருபவர்களை அங்கே அழைத்து வருகிறது.

தம்பிக்கும் தங்கைக்கும் சமைத்துப் போட்ட சிறுவனிடமும், வழக்குமன்றத்தில் வாதாடிய எண்பது வயது முதியவரிடமும் மாறாமல் இருந்தது ஒன்றுதான். தம் கையால் பரிமாறும் உணவு நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறையே அது. அடுத்த முறை அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போது, அதில் சிரிக்கும் முதியவரை ஒரு விளம்பரப் படமாக மட்டும் எண்ணிக் கடந்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் இழந்தாலும் எவராலும் பறிக்க முடியாத ஒன்றை அவர் தம் கையில் வைத்திருந்தார். உங்கள் கையில் இருப்பது எது என்பதையும் சற்றே எண்ணிப் பாருங்கள்.